டார்னிஷ்: அர்த்தம் என்ன, எங்க எப்படி சொல்லணும், எங்க இருந்து வந்துச்சு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில போட்டித் தேர்வுக்கு படிக்கிற பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்குடுக்குறேன். டார்னிஷ்ங்கிற வார்த்தை வந்தாலே கேள்வி வரிசையா வரும். இப்ப நகை விளம்பரத்துல எல்லாம் ஆன்டி டார்னிஷ்னு போட ஆரம்பிச்சதுல இருந்து பரீட்சைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லாத அக்காமாரும் கேக்குறாங்க. திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளை எடுத்து இங்க பதில் எழுதியிருக்கேன்.

டார்னிஷ்னா என்ன, சுருக்கமா சொல்லுங்க?

பளபளன்னு இருந்த உலோகத்தோட மேல்பரப்பு காத்து, ஈரம், வேர்வை பட்டு மங்கி நிறம் மாறிப்போறது. அதையே மனுஷனோட பேருக்கும் மரியாதைக்கும் சொல்றது ரெண்டாவது அர்த்தம், அதாவது நல்ல பேருல கறை விழுறது. எழுத்து டி, ஏ, ஆர், என், ஐ, எஸ், ஹெச். வினைச்சொல்லாவும் வரும், பெயர்ச்சொல்லாவும் வரும்.

எங்க வந்தாலும் ஒரு விஷயம் மாறாது. முன்னாடி அங்க ஒரு பளபளப்பு இருந்திருக்கணும், இப்ப அது மேல ஏதோ படிஞ்சு அதை மறைச்சிருக்கணும். இதை மனசுல வச்சுக்கிட்டா கீழ வர்ற பாதி கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிருவீங்க.

தமிழ்ல இதுக்கு சரியான வார்த்தை எது?

ஒரே வார்த்தை தேடுனா கிடைக்காது, ஏன்னா நம்ம வீட்டுப் பேச்சுல எந்த உலோகம்ங்கிறதை பொறுத்து வார்த்தை மாறும். வெள்ளின்னா கறுத்துப்போச்சும்போம். செம்பு, பித்தளைல பச்சையா ஏறுச்சுன்னா களிம்பு புடிச்சிருச்சும்போம். எதுவா இருந்தாலும் பழைய பளபளப்பு இல்லைன்னா மங்கிப்போச்சு, மெருகு போயிருச்சுன்னு சொல்லலாம். பேருக்கு வரும்போது பேச்சுல பேரு கெட்டுப்போச்சு, எழுத்துல களங்கம், இழுக்கு, மாசு. இது எல்லாத்துக்கும் இங்கிலீஷ்ல டார்னிஷ் ஒண்ணே போதும்.

களிம்புன்னு சொன்னதும் இன்னொண்ணு சொல்லணும். சைவ சித்தாந்தத்துல உயிரோட ஆணவ மலம், அதாவது ஆணவம்ங்கிற அழுக்கு, ஒட்டியிருக்கிறதுக்கு செம்புல இருக்குற களிம்பைத்தான் உவமையா சொல்லுவாங்க. ஆனா அங்க களிம்பு நடுவுல வந்து ஏறுனது இல்ல, செம்பு எப்ப இருந்து இருக்கோ அப்ப இருந்தே கூட இருக்கு. டார்னிஷ்ல அப்படி கிடையாது, முதல்ல பளபளப்பு, பிறகுதான் மங்கல். ரெண்டும் உலோகத்துல இருந்து எடுத்த உவமைதான், ஆனா போற திசை நேர் எதிர். எனக்கு ரொம்பப் புடிச்ச வித்தியாசம் இது, வகுப்புல இதைச் சொல்லாம விடவே மாட்டேன்.

துருப்பிடிக்கிறதும் டார்னிஷும் ஒண்ணுதானே?

இல்ல. துரு, அதாவது ரஸ்ட், இரும்புக்கு மட்டும்தான். இரும்பும் ஆக்ஸிஜனும் தண்ணியும் சேர்ந்து வர்றது, அது உதிர்ந்து உதிர்ந்து உள்ள புதுசு புதுசா இரும்பை காட்டிக்கிட்டே இருக்கும், அதனால அரிப்பு நிக்காம போய் கேட்டு கம்பியே ஒருநாள் கையோட வந்துரும். டார்னிஷ் மேல படியுற ரொம்ப மெல்லிசான ஒரு ஏடு, கீழ உலோகம் பெரும்பாலும் அப்படியே இருக்கும், பல உலோகத்துல அந்த ஏடு கொஞ்சம் கனமானதும் மேற்கொண்டு ஏறுற வேகமும் குறைஞ்சிரும். அரிச்சுத் தின்னுறதுக்கு இங்கிலீஷ்ல கரோட்னு தனி வார்த்தை இருக்கு. இரும்பு கேட்டை பாத்து டார்னிஷ்டு கேட்னு எழுதக்கூடாது, ரஸ்டட் கேட் இல்ல ரஸ்ட்டி கேட்னு எழுதணும்.

வெள்ளிக் கொலுசு கறுத்தா உடம்புல சூடு அதிகம்னு சொல்றாங்களே, உண்மையா?

வீட்டுப் பெரியவங்க சொல்ற பேச்சு இது, எங்க வீட்டுலயும் சொல்லுவாங்க. ஆனா கறுப்புக்கு காரணம் கந்தகம். காத்துல கொஞ்சூண்டு ஹைட்ரஜன் சல்ஃபைடு எப்பவும் இருக்கும், அது வெள்ளியோட சேர்ந்து சில்வர் சல்ஃபைடுன்னு ஒரு கறுப்புப் படலம் ஆகுது. சாக்கடை ஓரம், ரப்பர், முட்டை, வெங்காயம், சில அழகு சாதனப் பொருள், வேர்வை, இது எல்லாம் அதை வேகப்படுத்தும். ஒரே கொலுசு ஒருத்தங்க காலுல சீக்கிரம் கறுக்குறதுக்கும் இன்னொருத்தங்க காலுல கறுக்காததுக்கும் வேர்வையும் போடுற கிரீமும் தண்ணியில நிக்கிற வேலையும்தான் காரணமா இருக்கும்.

கிட்ட வச்சு பாத்தீங்கன்னா நேரா கறுப்பாகாது. முதல்ல லேசான மஞ்சள், பிறகு பழுப்பு, சில இடத்துல நீலமும் ஊதாவும் கலந்த மாதிரி ஒரு மினுக்கு, கடைசியில கறுப்பு. படலம் எம்புட்டு கனம்ங்கிறதை பொறுத்து வெளிச்சம் அதுல பட்டு திரும்புற விதம் மாறுது, அதான் அந்தக் கலர். ஸ்டெர்லிங் வெள்ளின்னு விக்கிறதுல 92.5 சதவீதம்தான் வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு, நைன் டூ ஃபைவ்னு முத்திரை இருக்குறது அதைத்தான் சொல்லுது. செம்பு கலந்திருக்குறதால சுத்த வெள்ளியை விட இது சீக்கிரம் மங்கும்.

சுத்தம் பண்றதுக்கு நம்ம ஆளுங்க விபூதி போட்டு தேய்ப்பாங்க, பூந்திக்கொட்டைத் தண்ணியில ஊறப்போட்டு பிரஷ்ஷால விளக்குவாங்க, ரெண்டும் நல்ல வழிதான். இன்னொரு வழி, பாத்திரத்துல அலுமினியம் ஃபாயிலை விரிச்சு அது மேல வெள்ளியை படுற மாதிரி வச்சு சமையல் சோடாவை தூவி கொதிக்கிற தண்ணியை ஊத்துறது. வெள்ளியோட ஒட்டியிருந்த கந்தகத்தை அலுமினியம் இழுத்துக்கும், லேசா அழுகுன முட்டை வாடை கூட வரும், வெள்ளி வெள்ளியாவே திரும்பிரும். தேய்க்கும்போது அந்தக் கறுத்த ஏட்டோட கொஞ்சம் வெள்ளியும் போயிரும், இதுல போகாது. கல்லு பதிச்ச நகை, முத்து வச்சது, ஆக்ஸிடைஸ்டு டிசைன் இதுக்கெல்லாம் இதை பண்ணாதீங்க.

ஆக்ஸிடைஸ்டு ஜுவல்லரின்னா டார்னிஷ் ஆனதா?

ஆமா, வேணும்னே டார்னிஷ் பண்ணுனது. கந்தக மருந்துல முக்கி கறுக்க வச்சு, மேடான இடத்தை மட்டும் தேச்சு வெளுப்பாக்கி, பள்ளத்துல கறுப்பை விட்டுருவாங்க, டிசைன் எடுப்பாத் தெரியும். வெள்ளியில செஞ்சதுன்னா பேருதான் ஆக்ஸைடு, உள்ள இருக்குறது சல்ஃபைடு.

ஆன்டி டார்னிஷ் நகைன்னு ஆன்லைன்ல வருதே, வாங்கலாமா?

அதுல பெரும்பாலும் உள்ள இருக்குறது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், மேல வெற்றிடத்துல படிய வைக்கிற தங்கக் கலர் பூச்சு. ஸ்டீல் சுலபத்துல மங்காது, அதனால அந்தப் பேரு பொய்யில்ல. ஆனா பூச்சு தேயும்போது கீழ இருக்குற ஸ்டீல் கலர் தெரியும், அதுக்குப் பேரு டார்னிஷ் இல்ல, தேய்மானம். நம்ம கவரிங் நகையில நடக்குறது வேற, அங்க முலாம் தேஞ்சு கீழ இருக்குற செம்போ பித்தளையோ வெளிய வந்து அது கறுக்குது, அதுதான் டார்னிஷ். வாங்குறீங்கன்னா அடியில என்ன உலோகம்னு கேட்டு வாங்குங்க, எத்தனை நாள் கறுக்காதுன்னு கேக்குறதை விட அது உபயோகமான கேள்வி. வெள்ளி வாங்குன டப்பாவுல ஆன்டி டார்னிஷ் ஸ்ட்ரிப்னு ஒரு சின்னத் துண்டு காகிதம் இருந்தா தூக்கிப் போட்டுறாதீங்க, அது கந்தகத்தை தன் பக்கம் இழுத்துக்கிற காகிதம்.

பித்தளைக் குத்துவிளக்கு ஏன் இம்புட்டு சீக்கிரம் மங்குது? டார்னிஷ்னு சொல்லலாமா?

தாராளமா சொல்லலாம், இந்த வார்த்தைக்கு நம்ம வீட்டுல இருக்குற நல்ல உதாரணமே குத்துவிளக்குதான். பித்தளைங்கிறது செம்பும் துத்தநாகமும் கலந்தது, வெண்கலம்னா செம்பும் வெள்ளீயமும். ரெண்டுலயும் செம்புதான் அதிகம், அதனால மங்குறதும் செம்பு மாதிரியே. முதல்ல பழுப்பா ஒரு ஆக்ஸைடு ஏடு, ஈரமும் காத்துல இருக்குற கரியமில வாயுவும் சேர சேர பச்சைக் களிம்பு. விளக்குல எண்ணெய் வழிஞ்சு, அது மேல தூசி ஒட்டி, தண்டுல இருக்குற வளையம் வளையமான பள்ளத்துல போய் ஒட்டிக்கும், அங்கதான் பச்சை முதல்ல தெரியும். அஞ்சு முகத்துலயும் திரி வைக்கிற மூக்குக்கு அடியில பாருங்க, கரி ஒரு பக்கம், களிம்பு ஒரு பக்கம்.

வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாளு புளியை ஊறவச்சு உப்பு சேத்து அழுத்தித் தேச்சா கண்ணு முன்னாடியே நிறம் திரும்பும். புளியில இருக்குற டார்டாரிக் ஆசிட் அந்த ஏட்டை கரைக்குது, எலுமிச்சம்பழமும் அதே வேலைதான் செய்யுது. ஆனா புளியைத் தடவி வச்சிட்டு அங்கிட்டு வேற வேலை பாக்கப் போயிட்டீங்கன்னா விளக்கு மஞ்சளுக்குப் பதிலா அங்கங்க ரோஸ் கலர்ல திட்டுத் திட்டா தெரியும். மேலாப்புல இருந்த துத்தநாகத்தை புளிப்பு எடுத்துட்டு செம்பை மட்டும் விட்டுட்டதால வர்றது அது. தேச்ச உடனே நல்லா கழுவி, ஈரம் இல்லாம துணியால துடைச்சு வைக்கணும். துடைக்காம காய விட்டா தண்ணி நின்ன இடம் அத்தனையும் மறுபடி புள்ளி புள்ளியா மங்கிரும்.

வெண்கலக்கடைத் தெருவுல பாத்திரம் வாங்கப் போனா கடையில ஒரே மாதிரி ரெண்டு சொம்பு வரிசையா இருக்கும், ஒண்ணு கண்ணாடி மாதிரி, இன்னொண்ணு பழசு மாதிரி. கேட்டா, ஒண்ணும் இல்லக்கா, வெளிய இருந்துச்சு கறுத்துப்போச்சு, விளக்குனா வந்துரும்பாங்க. அந்த விளக்குனா வந்துரும்ங்கிறதுதான் டார்னிஷ்ங்கிற வார்த்தையோட உசுரு.

களிம்பு ஏறுன பித்தளைப் பாத்திரத்துல சமைக்கலாமா?

கூடாது. செம்பு உப்புகள் வயித்துக்கு ஆகாது, புளிக்குழம்பு, மோரு, ரசம் எதுவா இருந்தாலும் புளிப்பு பட்டா செம்பு இறங்கும். அதுக்குத்தான் அந்தக் காலத்துல இருந்து பாத்திரத்துக்கு உள்பக்கம் ஈயம் பூசுறது. பாத்திரத்தை சூடு பண்ணி நவச்சாரத்தை தூவி வெள்ளீயத்தை துணியால இழுத்து விடுவாங்க. பேருதான் ஈயம், பூசுறது வெள்ளீயமா இருக்கணும், காரீயம் விஷம்.

எவர்சில்வர், அலுமினியம்?

எவர்சில்வர்ல குரோமியம் கலந்திருக்கு, குறைஞ்சது 10.5 சதவீதம் இருந்தாத்தான் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுங்கிற பேரு. அந்தக் குரோமியம் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாகி கீழ இருக்குறதை காப்பாத்துது. அலுமினியமும் அப்படித்தான், தன்னோட ஆக்ஸைடே அதுக்கு கவசம். ரெண்டையும் டார்னிஷ்டுன்னு சொல்ற தேவை அதிகம் வராது.

தங்கம் டார்னிஷ் ஆகுமா?

சுத்தத் தங்கம் ஆகாது. 22 கேரட் நகை லேசா மங்குறது அதுல கலந்திருக்குற செம்பு, வெள்ளியாலயும் மேல படியுற எண்ணெய், சோப்பு அழுக்காலயும். தெற்காவணி மூல வீதிக் கடையில குடுத்து மெருகு போட்டு வாங்குனா பழையபடி வரும்.

தங்கம் கறுக்குறதைப் பத்தி நம்ம ஊர்ல ஒரு நம்பிக்கை இருக்குறது எல்லாருக்கும் தெரியும். அழகர்கோவில் உற்சவர் அபரஞ்சித் தங்கத்துல ஆனவரு, அவருக்கு மலை மேல இருக்குற நூபுர கங்கைத் தண்ணியிலதான் திருமஞ்சனம், வேற தண்ணி பட்டா திருமேனி கறுத்துரும்னு சொல்லுவாங்க. அதனாலதான் சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் மதுரைக்கு இறங்கி வரும்போதும் நூபுர கங்கைத் தீர்த்தம் இங்க வந்து சேருது. இதை இங்கிலீஷ்ல ஒருத்தருக்கு விளக்கணும்னா கறுத்துரும்ங்கிறதுக்கு டார்னிஷ்னு போடலாம், டர்ன் டார்க்னும் போடலாம். நான் ரெண்டாவதைத்தான் சொல்லிக்குடுப்பேன். நம்ம ஆளுங்க கறுத்துரும்னுதானே சொல்றாங்க, டார்னிஷ்ல ஏதோ குறை வந்துட்ட மாதிரி ஒரு தொனி ஒட்டிக்கிட்டு வரும், சாமியைப் பத்தி சொல்ற இடத்துல அது வேணாம்.

பேரு கெடுறதுக்கு எப்படிச் சொல்றது? வாக்கியம் குடுங்க.

டார்னிஷ்ங்கிற வினைக்குப் பின்னாடி வழக்கமா வர்ற பெயர்ச்சொற்கள் இவைதான்: ரெப்யூடேஷன், இமேஜ், நேம், ரெக்கார்ட், லெகஸி. தி ஸ்கேண்டல் டார்னிஷ்ட் ஹிஸ் ரெப்யூடேஷன், அந்த ஊழல் அவரோட பேரை கெடுத்துருச்சு. ஹர் இமேஜ் வாஸ் டார்னிஷ்ட் பை தி ரிப்போர்ட், அந்தச் செய்தியால அவங்க பேருக்கு இழுக்கு வந்துருச்சு. செயப்பாட்டு வினையில ரொம்ப அதிகமா வரும், கூட பை சேரும். எந்தக் கறையும் படாத பேருக்கு அன்டார்னிஷ்ட் ரெப்யூடேஷன்.

மனுஷனுக்கு மட்டும்தான்னு நினைக்காதீங்க, ஊருக்கும் சரக்குக்கும் வரும். மதுரை மல்லிக்கு 2013ல புவிசார் குறியீடு கிடைச்சுச்சு. வேற ஊர்ப் பூவை கொண்டுவந்து மதுரை மல்லின்னு விக்கிறாங்கன்னு வைங்க, மணமும் இல்ல, சாயங்காலத்துக்குள்ள வாடிப்போகுது, வாங்குனவங்க மதுரை மல்லியவே திட்டுவாங்க. அப்ப திஸ் டார்னிஷஸ் தி நேம் ஆஃப் மதுரை மல்லின்னு எழுதுனா நூத்துக்கு நூறு சரி. ஏற்கனவே ஒரு நல்ல பேரு இருக்கு, அதுல ஒண்ணு வந்து படியுது.

இதுக்கு மறுபக்கமும் இருக்கு. எப்பவுமே மோசம்னு பேரெடுத்த ஒரு ஹோட்டல்ல இன்னொரு நாளு சாப்பாடு கெட்டுப்போனா டார்னிஷ்ங்கிற வார்த்தை அங்க பொருந்தாது, மங்குறதுக்கு அங்க பளபளப்பே இல்லையே. பேப்பர்ல, டிவியில இதைக் கவனிக்காம எல்லாத்துக்கும் டார்னிஷ்னு போடுறதைப் பாத்தா எனக்கு மனசு கேக்காது.

ஹி டார்னிஷ்ட் மீ, இது சரியா?

கேக்குறவங்களுக்குப் புரியும், ஆனா இயல்பா இருக்காது. ஆளை நேரா டார்னிஷ் பண்றதில்ல, ஆளோட பேரை, மதிப்பைத்தான். ஹி டார்னிஷ்ட் மை நேம்னு சொல்லுங்க. உலோகத்துக்கு ரெண்டு வகையிலயும் வரும், சில்வர் டார்னிஷஸ் ஈஸிலின்னா வெள்ளி தானா கறுக்குது, தி டேம்ப் ஏர் டார்னிஷ்ட் தி லேம்ப்னா ஈரக்காத்து விளக்கை மங்க வச்சுருச்சு. பேரு விஷயத்துல தானா கறுக்குற அமைப்பு குறைவு, யாரு எது கெடுத்துச்சுன்னு எப்பவும் பக்கத்துலயே சொல்லிருவாங்க.

துணி சாயம் போனா ஃபேட், சுவரு அழுக்கானா டிஸ்கலர் இல்ல ஸ்டெயின். அங்க எல்லாம் டார்னிஷ் வேணாம்.

ஸல்லி, ஸ்டெயின், டெயின்ட், பிளெமிஷ், ஸ்மியர் இதெல்லாம் ஒரே அர்த்தம்தானா?

பரீட்சையில ஒரே வரிசையில குடுப்பாங்க, ஆனா எழுதும்போது வித்தியாசம் தெரியணும்.

ஸ்டெயின் கறை. வாழைக்கறை வேட்டியில ஏறுன மாதிரி உள்ள இறங்கிரும், சுலபத்துல போகாது. டார்னிஷை விட பலமான வார்த்தை. டெயின்ட்னா உள்ளயே கெட்டுப்போறது, தண்ணியில விஷம் கலக்குறதுக்கும் சாப்பாடு கெடுறதுக்கும் வரும், டெயின்டட் மணின்னா தப்பான வழியில வந்த பணம். டார்னிஷ் மேலாப்புல நிக்கும், டெயின்ட் உள்ள போயிரும். பிளெமிஷ் ஒரு சின்னக் குறை, முகத்துல ஒரு பரு, ரெக்கார்டுல ஒரு புள்ளி. ஸல்லி கொஞ்சம் இலக்கிய வாடை அடிக்கிற வார்த்தை, அழுக்காக்குறது, அரசியல் பேச்சுல அதிகம் பாக்கலாம். ஸ்மியர்தான் இதுல முழுசா வேற, ஒருத்தன் வேணும்னே சேத்தை அள்ளிப் பூசுறது. ஸ்மியர் கேம்பைன்னு சொன்னாலே அதுல உள்நோக்கம் இருக்குன்னு அர்த்தம். டார்னிஷ்ல உள்நோக்கம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், தகப்பன் பேரை பிள்ளை தன் நடத்தையால டார்னிஷ் பண்ணிரலாம், அவன் மனசுல அப்படி ஒரு எண்ணமே இருந்திருக்காது.

எதிர்ச்சொல் என்ன?

பாலிஷ், பிரைட்டன், இதுல அழகான ஜோடி பர்னிஷ். தேச்சு மினுக்குறது. டார்னிஷ் ஹிஸ் இமேஜுக்கு நேர் எதிர் பர்னிஷ் ஹிஸ் இமேஜ், தேர்தல் சமயத்துல ரெண்டும் ஒரே பக்கத்துல வரும்.

வக்கீல் நோட்டீஸ்ல டார்னிஷ்னு போடுறாங்களே, அது சட்ட வார்த்தையா?

நம்ம நாட்டு அவதூறுச் சட்டத்துல அந்த வார்த்தை கிடையாது. பழைய இந்திய தண்டனைச் சட்டம் 499வது பிரிவுலயும், 2024 ஜூலை 1ல இருந்து அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா 356வது பிரிவுலயும் இருக்குறது ஹார்ம் தி ரெப்யூடேஷன், அதாவது நற்பெயருக்குக் கேடு. டார்னிஷ் நோட்டீஸ் எழுதுறவங்க சேத்துக்கிற வார்த்தை, இருந்தா தப்பில்ல, ஆனா வழக்கு நிக்கிறது ஹார்ம்ங்கிற இடத்துல. எதுவா இருந்தாலும் நோட்டீஸ் கையில வந்துச்சுன்னா இங்கிலீஷ் வாத்தியார்கிட்ட இல்ல, வக்கீல்கிட்ட போங்க.

டிரேட்மார்க் விஷயத்துல மட்டும் இது சட்டச் சொல்லாவே இருக்கு. அமெரிக்காவுல பிரபலமான ஒரு பிராண்டோட அடையாளத்தை மட்டமான ஒண்ணோட சேத்துக் காட்டி அதோட மதிப்பைக் கெடுத்தா டைல்யூஷன் பை டார்னிஷ்மென்ட்னு பேரு, 2006ல திருத்துன அவங்க சட்டத்துலயே இந்தச் சொல் எழுதியிருக்கு. டார்னிஷ்மென்ட்ங்கிற வடிவம் சட்டத்துக்கு வெளிய அதிகம் புழங்காது, சாதாரணமா எழுதும்போது பெயர்ச்சொல்லுக்கும் டார்னிஷ்னே போடுங்க.

சரி, இந்த வார்த்தை எங்க இருந்து வந்துச்சு?

பிரெஞ்சுல இருந்து. அங்க டெர்னிர்னு ஒரு வினை, மங்க வைக்கிறதுன்னு அர்த்தம், டெர்ன்னா மங்கலான, இன்னைக்கும் பிரெஞ்சுக்காரங்க பேச்சுல இருக்கு. இடைக்கால ஆங்கிலத்தோட கடைசிக் காலத்துல இது இங்கிலீஷுக்குள்ள வந்துச்சு, முதல்ல உலோகத்துக்கு, பேரு மரியாதைக்கு அதுக்குப் பிறகு.

பிரெஞ்சுக்கு முன்னாடி பாத்தா இன்னும் சுவாரஸ்யம். பழைய ஜெர்மன் வகை மொழியில டார்ன்யன்னு ஒரு சொல், மறைக்கிறதுன்னு அர்த்தம், அதுல இருந்துதான் பிரெஞ்சுக்குப் போயிருக்கணும்னு சொல்பிறப்பு ஆராயுறவங்க பெரும்பாலும் சொல்றாங்க. இன்னைக்கு ஜெர்மன்ல டார்னன்னா ராணுவத்துல இலை தழை கலர்ல சட்டை போட்டு ஒளியுறோமே, அந்த மாதிரி உருமறைக்கிறது. அவங்க பழைய காவியக் கதையில ஸீக்ஃபிரீட்ங்கிற வீரன் போத்திக்கிட்டா ஆளே கண்ணுக்குத் தெரியாத ஒரு போர்வை வச்சிருப்பான், அதுக்குப் பேரு டார்ன்காப்பே.

மறைக்கிறது, மங்க வைக்கிறது, பளபளப்பு போறது, இந்த வரிசையில அர்த்தம் நகர்ந்து வந்திருக்கு. களிம்புக்கு அடியில பித்தளை இருக்குற மாதிரி, இந்த வார்த்தைக்கு அடியிலயும் மறைவுங்கிற பழைய அர்த்தம் இருக்கு. ஸ்டெயின், டெயின்ட்ல இது கிடையாது.

டெர்னிர் எப்படி டார்னிஷ் ஆச்சு? எகரம் ஆகாரமா மாறுனது ஏன்?

அந்தக் காலத்து இங்கிலீஷ்ல ஆர் எழுத்துக்கு முன்னாடி எ சத்தம் இருந்தா அது ஆ சத்தமா மாறுற பழக்கம் ஒண்ணு இருந்துச்சு. பிரெஞ்சு ஃபெர்ம் இங்கிலீஷ்ல ஃபார்ம் ஆச்சு, பழைய ஸ்டெர் ஸ்டார் ஆச்சு. சில வார்த்தையில சத்தம் மட்டும் மாறி எழுத்து பழசாவே நின்னுருச்சு. தாலுகா ஆபீஸ்ல கிளார்க்குன்னு சொல்றோம், எழுதிப் பாத்தா சி, எல், இ, ஆர், கே. பிரிட்டிஷ்காரன் உச்சரிப்பு நம்ம வாயில அப்படியே தங்கிருச்சு, அமெரிக்கக்காரன் கிளர்க்ம்பான். டார்னிஷ்ல எழுத்தும் சேந்தே மாறிருச்சு.

கடைசியில வர்ற இஷ், பாயிஷ், சைல்டிஷ்ல வர்ற இஷ்தானா?

இல்லவே இல்ல. பாயிஷ், சைல்டிஷ்ல வர்றது பழைய இங்கிலீஷோட சொந்த ஒட்டு, அது மாதிரிங்கிற அர்த்தம். டார்னிஷ்ல வர்றது பிரெஞ்சு வினைகளோட வால். ஃபினிர்ல இருந்து ஃபினிஷ், பாலிர்ல இருந்து பாலிஷ், ப்யூனிர்ல இருந்து பனிஷ், கார்னிர்ல இருந்து கார்னிஷ், எல்லாம் ஒரே கூட்டம். இந்தக் கூட்டத்தைச் சேத்துப் படிச்சா ஒண்ணு மறந்தாலும் இன்னொண்ணு ஞாபகப்படுத்தும்.

வார்னிஷும் டார்னிஷும் காதுக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனா சொந்தம் கிடையாது. வார்னிஷ் பிரெஞ்சுல வெர்னிங்கிற பெயர்ச்சொல்லுல இருந்து வந்தது. அர்த்தமும் எதிர், அது மினுக்குறதுக்குப் பூசுறது.

உச்சரிப்பு?

அழுத்தம் முதல் அசையில, டார்-னிஷ். பிரிட்டிஷ் உச்சரிப்புல ஆர் கேக்காது, டா நீளும். இறந்தகாலத்துல டார்னிஷ்ட், ஒரே மூச்சுல, டார்னிஷெட்னு இழுக்கக்கூடாது. ஒருமையில டார்னிஷஸ், அங்க மட்டும் ஒரு அசை கூடும்.

டார்னிஷ் ஆனாலே கெட்டதா? பழைய சாமான்ல அதை அப்படியே விடச் சொல்றாங்களே?

அப்ப அந்த வார்த்தையே மாறிரும். காலம் போகப் போக ஏறுன மங்கலை விரும்பிப் பாத்தா அதுக்குப் பேரு பட்டினா. நியூயார்க் சுதந்திர தேவி சிலை 1886ல திறந்தப்ப செம்பு நிறம், பிறகுதான் பச்சையாச்சு, இப்ப அந்தப் பச்சையைச் சுரண்டணும்னு யாரும் கேக்குறதில்ல, அந்தப் படலம்தான் கீழ இருக்குற செம்பையும் காப்பாத்துது. பாட்டி காலத்துப் பித்தளை உருளி, வெண்கலப் பானை, சாமி விக்ரகம் உங்ககிட்ட இருந்து, அது பழசுன்னு மதிப்பு இருக்குன்னா புளி போட்டுத் தேய்க்கிறதுக்கு முன்னாடி தெரிஞ்சவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க, தேச்சு எடுத்த பட்டினாவை திரும்ப வைக்க முடியாது. தினம் விளக்கேத்துற குத்துவிளக்கை மட்டும் தாராளமா விளக்குங்க.

பரீட்சைக்கு எதைப் படிச்சுட்டுப் போகணும்?

சினானிம் கேட்டா ஸல்லி, ஸ்டெயின், டல், பிளெமிஷ் இதுல ஒண்ணு ஆப்ஷன்ல இருக்கும். ஆன்டானிம் கேட்டா பாலிஷ், பர்னிஷ், பிரைட்டன், என்ஹான்ஸ். ஆப்ஷன்ல வார்னிஷும் கார்னிஷும் சத்தம் ஒத்துப்போறதுக்காக வச்சிருப்பாய்ங்க, அவசரத்துல அதுல விரலை வச்சுறாதீங்க. கோடிட்ட இடம் வந்தா பின்னாடி ரெப்யூடேஷன், இமேஜ், சில்வர், பிராஸ் இருக்கான்னு பாருங்க, இருந்தா டார்னிஷ். ஐயர்ன் இருந்தா ரஸ்ட்.